லினக்ஸ் போட்டதும் வைஃபையும் பிரிண்டரும் ஏன் நின்றுபோகின்றன?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை, விரல்விட்டு எண்ணும் சில விதிவிலக்குகள் தவிர, ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் ஆறு ஆண்டுகளில் வந்த இன்டெல் லேப்டாப்கள் அத்தனையும் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்படிப்பட்ட லேப்டாப்கள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயக்குதளமான லினக்ஸில் மின்ட், உபுண்டு, டெபியன் என்று ஏதோ ஒரு வகையைப் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும் மெஷின்கள் அவை. போட்டதும் பலருக்கு நடப்பது இதுதான்: திரை வருகிறது, கீபோர்டு ஓடுகிறது, ஆனால் வைஃபை பட்டியலே காணோம். பிரிண்டருக்கு ஆணை கொடுத்தால் ‘முடிந்தது’ என்று காட்டுகிறது, தாள் வருவதில்லை. கடையில் கேட்டால், “லினக்ஸ் இந்த மெஷினுக்கு செட் ஆகாதுங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு வரியை நம்பி நல்ல மெஷினைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். செட் ஆகாதது மெஷின் அல்ல. அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு சிப். அது எது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

டிரைவர், பார்ம்வேர், கெர்னல்

இந்த மூன்று சொற்களும் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

கெர்னல் என்பது இயக்குதளத்தின் அடிமனை. எந்த நிரலும் வன்பொருளிடம் நேரடியாகப் பேசாது; கெர்னல் வழியாகத்தான் பேசும்.

டிரைவர் என்பது ஒரு குறிப்பிட்ட சிப்பிடம் எப்படிப் பேசுவது என்று கெர்னலுக்குத் தெரிவிக்கும் நிரல். விண்டோஸில் இதைப் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனமே எழுதித் தருகிறது. லினக்ஸில் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால்தான் பல கருவிகள் எதையும் நிறுவாமல் செருகியவுடனே ஓடுகின்றன. அந்தத் தொகுப்பில் இல்லாத கருவிதான் தலைவலி.

பார்ம்வேர் என்பது சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல். சிக்கனத்துக்காகப் பல நிறுவனங்கள் அதைச் சிப்பில் நிரந்தரமாகப் பதிப்பதில்லை. கணினி தொடங்கும்போது டிரைவர்தான் அதை எடுத்து உள்ளே ஊட்ட வேண்டும். டிரைவர் கட்டற்ற மென்பொருளாக இருந்தாலும் இந்தப் பார்ம்வேர் பெரும்பாலும் மூடிய கோப்புதான், அதன் மூல நிரல் வெளியே கிடைக்காது.

இதனால் வந்த ஒரு குழப்பம் இன்னும் தீரவில்லை. டெபியன் தன் கொள்கைப்படி மூடிய பார்ம்வேரை அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் பார்ம்வேர் நிறுவியிலேயே இருக்கிறது. கடைகளில் சுற்றும் பென்டிரைவில் டெபியன் 11 இருந்தால், இன்டெல் வைஃபை கூட வேலை செய்யாமல் போகலாம். அதே லேப்டாப்பில் 12ஐயோ 13ஐயோ போட்டால் தானாக வரும். குறை மெஷினிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை, பழைய பென்டிரைவில்.

டிரைவர் ஏன் இல்லாமல் போகிறது

1. சிப்பின் தொழில்நுட்பக் குறிப்பேட்டை நிறுவனம் வெளியிடுவதில்லை. எந்த முகவரியில் என்ன எழுதினால் என்ன நடக்கும் என்று தெரியாமல் யாரும் டிரைவர் எழுத முடியாது. ஆர்வலர்கள் விண்டோஸ் டிரைவர் என்ன செய்கிறது என்று உற்றுப் பார்த்து, தலைகீழாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை அது.

2. நிறுவனம் டிரைவர் கொடுக்கிறது, ஆனால் கெர்னலுக்குள் சேர்க்க விடுவதில்லை. அது தனிக் கோப்பாக வெளியே நிற்கிறது. ஒவ்வொரு முறை கெர்னல் மாறும்போதும் அதை மறுபடி தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி இதைத் தானாகச் செய்யும். கெர்னலின் உள்ளமைப்பு பெரிதாக மாறிவிட்டால் தொகுப்பது தோற்றுப்போகும். ‘நேற்று வரை ஓடியது, அப்டேட் போட்டதும் போய்விட்டது’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த வகைதான்.

3. விலையைக் குறைக்கக் கருவியின் மூளையை எடுத்துவிடுகிறார்கள். கருவி செய்ய வேண்டிய கணக்கைக் கணினியின் மென்பொருள் செய்கிறது. அந்த மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் எழுதினால், வேறு இயக்குதளத்தில் அந்தக் கருவி வெறும் பெட்டி. மலிவான லேசர் பிரிண்டர்கள் இந்த வகை.

4. கருவி புதிது, கெர்னல் பழையது. உதாரணமாக இன்டெலின் ஏஎக்ஸ்200 வைஃபைக்குக் கெர்னல் 5.1ஆவது வேண்டும், ஏஎக்ஸ்210க்கு 5.10. இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. புதிய பதிப்பைப் போட்டாலே சரியாகும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. இன்டெல், ஏஎம்டி இரண்டும் தங்கள் கிராபிக்ஸ் டிரைவர்களைக் கெர்னலுக்குள்ளேயே எழுதி வளர்க்கின்றன. பத்தாண்டு பழைய இன்டெல் கிராபிக்ஸ் இன்றைய லினக்ஸில் எந்தச் சிரமமும் இல்லாமல் ஓடுவதற்கு இதுதான் காரணம். செய்ய முடியாத காரியம் இல்லை; செய்ய மனம் வேண்டும்.

பெட்டியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்

டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யுஎன்722என் என்ற யுஎஸ்பி வைஃபை அடாப்டரை எடுத்துக்கொள்வோம். வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும், பலரும் பார்த்திருப்பார்கள். முதல் பதிப்பில் இருந்தது ஆதெரோஸ் ஏஆர்9271 சிப். அதன் டிரைவர் கெர்னலில் இருக்கிறது, பார்ம்வேரின் மூல நிரல் கூட வெளியிடப்பட்டிருக்கிறது. லினக்ஸுக்குப் பொன் போன்ற அடாப்டர். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் அதே பெயர், அதே உருவம், ஆனால் உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ். இதற்குப் பல ஆண்டுகள் வெளியே கிடைக்கும் டிரைவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. நண்பர் சொன்னார் என்று அதே பெயரில் வாங்கினால் வேறு சரக்குதான் கிடைக்கும். பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணில்தான் விஷயம் இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. என்விடியா ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சிப்கள் விற்கப்பட்டன. ஃபெர்மி வகைக்கு 390 வரிசை டிரைவரோடு நிறுவனம் கைகழுவியது. கெப்ளர் வகைக்கு 470 வரிசையோடு.

சிப்பின் உண்மையான அடையாளம் இரண்டு நான்கிலக்க எண்கள். முதலாவது நிறுவனத்துக்கு, இரண்டாவது சிப்புக்கு. இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து வரும். இன்டெலின் எண் 8086. பிராட்காமின் எண் 14இ4. இணையத்தில் தேடும்போது லேப்டாப்பின் பெயரைத் தேடுவதைவிட இந்த எட்டு இலக்கங்களைத் தேடினால் சரியான பதில் கிடைக்கும்.

அந்த எண்ணை எடுப்பது எப்படி

டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னலை) திறந்து எல்-எஸ்-பி-சி-ஐ என்ற ஐந்து எழுத்துகளைச் சிறிய ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றித் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி என், என், கே. லேப்டாப்புக்குள் பொருத்தப்பட்ட கருவிகளின் பட்டியல் வரும். யுஎஸ்பியில் செருகியவற்றுக்கு எல்-எஸ்-யு-எஸ்-பி. எல்-எஸ்-பி-சி-ஐ பட்டியலில் மூன்று நிலைகளில் ஒன்றைப் பார்ப்பீர்கள்.

1. கருவி பட்டியலில் இருக்கிறது; கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரியும் இருக்கிறது. டிரைவர் ஏறிவிட்டது. பார்ம்வேர் ஊட்டப்படவில்லை, அல்லது வைஃபை பொத்தான் அணைந்திருக்கிறது. டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளைக்கு முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி தரும் சொல்) சேர்த்துக் கொடுத்தால், எந்தப் பார்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லும்.

2. கருவி இருக்கிறது, அந்த வரி இல்லை. பெரும்பாலும் டிரைவர் இல்லை என்று பொருள். எண்ணைக் குறித்துக்கொண்டு தேட வேண்டும்.

3. கருவியே பட்டியலில் இல்லை. எந்த டிரைவரைப் போட்டும் பயனில்லை. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அணைத்து வைத்திருக்கலாம், இல்லையென்றால் வன்பொருள் பழுது.

மூன்றாம் நிலையைப் பற்றி நம் ஊருக்காக ஒரு வார்த்தை. கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் உப்புக் காற்று மெஷினுக்குள் வரை போகிறது. வைஃபை கார்டின் பொன்முலாம் பூசிய பற்களில் மங்கலான படலம் படிந்து தொடர்பு விட்டுப்போகும். பவரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, கார்டை உருவி, பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி செருகுங்கள். பட்டியலில் வந்துவிட்டால் லினக்ஸை மாற்ற வேண்டிய வேலையே இல்லை. வெள்ளத்தில் நனைந்த மெஷின் என்றால் கார்டைச் சந்தேகித்துவிட்டுத்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும்.

வைஃபை: அடிக்கடி வரும் மூன்று சிக்கல்கள்

முதலாவது பிராட்காம் பிசிஎம்43142, எண் 14இ4:4365. 2013ஐ ஒட்டி வந்த பல லேப்டாப்களில் இது இருக்கிறது. கெர்னலில் இதற்கு டிரைவர் இல்லை. பிராட்காம் கொடுத்த மூடிய டிரைவர்தான் வழி.

அ. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் இதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாமல் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது என்ற சிக்கல் இங்கே தீர்கிறது.

ஆ. மின்ட் என்றால் டிரைவர் மேனேஜர், உபுண்டு என்றால் கூடுதல் டிரைவர்கள் என்ற பகுதியைத் திறந்து, பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள்.

இ. டெபியன் 12 என்றால் கூடுதல் வேலை உண்டு. இந்த டிரைவர் ‘நான்-ஃப்ரீ’ பிரிவில் இருக்கிறது. தானாக இயங்கும் ‘நான்-ஃப்ரீ-பார்ம்வேர்’ பிரிவில் இல்லை. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் ‘கான்ட்ரிப்’, ‘நான்-ஃப்ரீ’ இரண்டையும் சேர்த்து, கெர்னல் ஹெட்டர்களை நிறுவி, பிறகு பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் தொகுப்பை நிறுவ வேண்டும். ஹெட்டர்களை விட்டுவிட்டால் டிரைவரைத் தொகுப்பது நடக்காது. நிறுவல் முடிந்ததுபோலத்தான் தோன்றும், டிரைவர் இருக்காது.

ஈ. நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஓட விடும் செக்யூர் பூட் இயங்கும் மெஷினில் இன்னொரு கட்டம். வெளியே தொகுத்த டிரைவருக்கு நம்பகமான கையொப்பம் இல்லாததால் கெர்னல் அதை ஏற்காது. ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று பிழை வரும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் நிறுவலின்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து நிற்கும். இதை வைரஸ் என்று பயந்து பலர் பவரை அணைத்துவிடுகிறார்கள். சில நொடிகளில் எந்தப் பொத்தானையும் தொடாவிட்டால் அதுவே போய்விடும், டிரைவரும் வராது. அந்தத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’, ‘கன்டினியூ’, ‘எஸ்’ என்று வரிசையாகத் தேர்ந்து, முன்பு கொடுத்த கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும்.

இரண்டாவது ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ. இங்கே டிரைவர் உண்டு, வைஃபை பெயரும் தெரியும், ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இணையம் வரும். அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடும். காரணம் வேடிக்கையானது: கார்டில் ஆன்டெனா மாட்ட இரண்டு முனைகள் இருக்கின்றன, தயாரிப்பாளர் ஒன்றில் மட்டும் கம்பி மாட்டியிருக்கிறார், டிரைவர் கம்பியில்லாத முனையில் கேட்டுக்கொண்டிருக்கிறது. டிரைவர் அமைப்புகள் இருக்கும் மாட்ப்ரோப்-டி கோப்புறையில் இந்த டிரைவருக்கு ஒரு கோப்பு உண்டாக்கி, ஆன்ட்-செல் என்ற மதிப்பை 2 என்று வையுங்கள். மாற்றம் இல்லையென்றால் 1. இவ்வளவுதான்.

மூன்றாவது, பெயரில்லாத மிகச் சிறிய யுஎஸ்பி வைஃபை அடாப்டர்கள். செருகியதும் வைஃபை வராமல் ஒரு சிடி டிரைவ் தோன்றும். அதற்குள் விண்டோஸ் டிரைவர் இருக்கும். கோப்பு மேலாளரில் அந்த சிடியை வெளியேற்றுங்கள்; அடாப்டர் தன் வேடத்தை மாற்றி வைஃபையாக எழும். யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பு இருந்தால் பல அடாப்டர்களுக்கு இது தானாகவே நடக்கும்.

பிரிண்டர்: கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம்

ஜெராக்ஸ் கடை, ஆவண எழுத்தர் அலுவலகம், இ-சேவை மையம் எங்கு போனாலும் கண்ணில் படும் இரண்டு பிரிண்டர்கள் ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி2900. இரண்டும் உழைப்பாளிகள். இரண்டும் மேலே மூன்றாம் காரணத்தில் சொன்ன மூளையில்லாத வகை.

லேசர்ஜெட் 1020ல் பார்ம்வேர் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை பவர் போட்டதும் கணினி அதை அனுப்ப வேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். கணினி யுபிஎஸ்ஸிலும் பிரிண்டர் நேரடி லைனிலும் இருக்கும் கடைகளில் மின்வெட்டுக்குப் பிறகு பிரிண்டர் ஊமையாவது இதனால்தான். யுஎஸ்பி கேபிளைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் பார்ம்வேர் மறுபடி போய்ச் சேரும். நிரந்தரத் தீர்வு: ஹெச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான ஹெச்பிஎல்ஐபியை நிறுவி, ஹெச்பி-பிளக்இன் கட்டளையால் மூடிய பிளக்இன்னை இறக்க வேண்டும். பிளக்இன்னின் பதிப்பும் ஹெச்பிஎல்ஐபியின் பதிப்பும் எண்ணுக்கு எண் பொருந்த வேண்டும். லினக்ஸை அடுத்த பதிப்புக்கு உயர்த்தியதும் பிரிண்ட் நின்றால், அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். ஹெச்பி லேசர்ஜெட் எம்1005க்கும் இதே பிளக்இன்தான்.

எல்பிபி2900 கடினமான கேஸ். கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழியில்தான் அது பேசும். கேனான் லினக்ஸுக்கு ஒரு டிரைவர் கொடுத்தது உண்மை. ஆனால் அது பழையது, பின்னணியில் ஒரு தனிச் சேவை ஓட வேண்டும், புதிய பதிப்புகளில் 32-பிட் நூலகங்கள் இல்லாமல் தடுமாறும். ஆர்வலர்கள் பிரித்து எழுதிய கேப்ட்டிரைவர் என்ற கட்டற்ற டிரைவரும் இருக்கிறது. வீட்டில் மாதம் பத்துத் தாள் எடுப்பவர் இதை முயலலாம். வரிசையில் ஆள் நிற்கும் கடைக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அங்கே பிரிண்டருக்காக மட்டும் ஒரு பழைய விண்டோஸ் மெஷினை இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

எளிதானவையும் உண்டு. ரசீது அடிக்கும் டிவிஎஸ் எம்எஸ்பி 250 போன்ற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் எப்சனின் பழைய மொழியைப் புரிந்துகொள்கின்றன. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளில் எப்சன் 9-பின் டிரைவரைத் தேர்ந்தால் ஓடும். எப்சனின் இங்க் டேங்க் எல் வரிசைக்கு எப்சனே லினக்ஸ் டிரைவர் கொடுத்திருக்கிறது. புதிதாக வாங்குவதானால் பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மொப்ரியா என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட பிரிண்டருக்குத் தனி டிரைவரே தேவையில்லை. கப்ஸ் அதனுடன் பொது மொழியில் பேசும்.

மற்றவை, சுருக்கமாக

என்விடியா: லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தில் மேடையிலேயே அந்த நிறுவனத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 2022 மே மாதம் நிறுவனம் தன் கெர்னல் டிரைவர் பகுதியைத் திறந்தது, ஆனால் ட்யூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும். பழைய கார்டில் அலுவலக வேலைக்குக் கெர்னலோடு வரும் நூவோ டிரைவர் போதும், விளையாட்டுக்குப் போதாது.

ஹார்டு டிஸ்க் தெரியவில்லை என்றால்: பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்றிருப்பதை ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். விண்டோஸும் அதே டிஸ்க்கில் வேண்டுமென்றால், முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும்.

ஆட்டம் பிராசசர் உள்ள பழைய நெட்புக்: என்2600 போன்றவற்றில் கிராபிக்ஸ் இன்டெல் வெளியிலிருந்து வாங்கிய பவர்விஆர் வகை. திரை வரும், வீடியோ தடுமாறும். இதற்கு மருந்து இல்லை.

ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன்: இ-சேவை மையமோ தணிக்கையாளர் அலுவலகமோ நடத்துபவர்கள், உங்கள் கருவியின் ஆர்டி சர்வீஸும் டோக்கன் மென்பொருளும் லினக்ஸுக்குக் கிடைக்கின்றனவா என்று கருவி நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யாமல் மாறவே வேண்டாம்.

நிறுவுவதற்கு முன்பே சோதியுங்கள்

லினக்ஸை டிஸ்க்கில் எழுதாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். பழைய லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள், கடைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செருகுங்கள்.

1. வைஃபையில் போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, பத்தடி தள்ளிப் போய் ஒரு வீடியோ ஓட்டுங்கள்.
2. ஸ்பீக்கர், மைக், கேமரா மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.
3. மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். உறக்கத்திலிருந்து எழாத லேப்டாப்கள் பல.
4. எல்-எஸ்-பி-சி-ஐ பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை மட்டும் தேறவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் லேப்டாப்பை விட்டுவிட வேண்டாம், கார்டை மாற்றிவிடலாம். 2015க்கு முந்தைய லேப்டாப்களில் பெரும்பாலும் அரை அளவு மினி பிசிஐஇ கார்டு. ஆதெரோஸ் ஏஆர்9485 அல்லது இன்டெல் 7260ஐத் தேடுங்கள். ஆதெரோஸுக்குத் தனிப் பார்ம்வேர் கோப்பே வேண்டாம். பிந்தையவற்றில் எம்.2, 2230 அளவு. இன்டெல் ஏஎக்ஸ்200 பொருந்தும். ஏஎக்ஸ்201ஐ வாங்கிவிடாதீர்கள், இன்டெலின் குறிப்பிட்ட சிப்செட் இல்லாத மெஷினில் அது உயிரே பெறாது. சில பழைய லேப்டாப்களின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். அதனால் கார்டு வாங்கும்போது, பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.